எண்பத்தொன்பது இஞ்ச், ஒரு நூல்

போன வருடம் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். அங்கே நீராவி போகிற பைப் லைனில் ஒரு பகுதி அரித்துப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுப் பைப் போடும் வேலை என்னிடம் வந்தது. காலை எட்டு மணிக்கு லைனை நிறுத்துவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடியும் நீராவி விட்டாக வேண்டும். அந்த எட்டு மணி நேரத்துக்குள் எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொள்கிற அளவுக்கு நான் செய்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பை முழுசாக முடிக்காதவன் நான். பதினாறு வயதில் இந்தத் தொழிற்பேட்டைக்கு வந்து, கேஸ் சிலிண்டரை உருட்டுகிற வேலையில் ஆரம்பித்தேன். இன்று எனக்குச் சொந்தமாக ஷெட் இருக்கிறது, என்னிடம் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு பெண்களையும் கல்லூரியில் படிக்க வைத்தேன். யாரும் கைதூக்கி விட்டு நான் மேலே வரவில்லை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெருமை என் கணக்குதான். பைப் வேலையில் கம்பெனிக்காரர்கள் வரைபடத்தில் மில்லிமீட்டர் போட்டுக் கொடுப்பார்கள். எங்களுக்குப் பழகியது இஞ்சும் நூலும். ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்தால் அதில் ஒன்று ஒரு நூல். அப்படியென்றால் கால் இஞ்ச் இரண்டு நூல், அரை இஞ்ச் நாலு நூல், முக்கால் ஆறு நூல். எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இஞ்ச் ஏறிவிடும். பத்துப் பதினைந்து அளவுகளை வரிசையாகச் சொன்னாலும் பேப்பர், பேனா இல்லாமல் வாயாலேயே கூட்டிச் சொல்லிவிடுவேன். கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நின்ற இஞ்சினீயர்களை எத்தனையோ தடவை முந்தியிருக்கிறேன். ஒரு இஞ்சினீயர் டீ வாங்கிக் கொடுத்து, "பெரியவரே, நீங்க படிச்சிருந்தா எங்க வேலை போயிருக்கும்" என்று சொன்னார். அதை என் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிற அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

என் ஆட்களில் இரண்டு பேரை மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். ஒருவர் பைப் வெட்டுகிறவர். வள்ளூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர். இவர் அங்கிருந்து கிளம்பி வந்து என்னிடம் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. பேச்சு குறைவு. அளவு சொன்னால் ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டுவார். அந்தத் தொழிற்பேட்டையிலேயே அவர் வெட்டு என்றால் ஒரு மதிப்பு உண்டு. இன்னொருவர் பெயின்ட் அடிக்கிற அம்மா. கணவர் இல்லை. அத்திப்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வருவார். எங்களிடம் சேர்ந்து மூன்று வருடம்தான். துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்கு முதலில் சிவப்புப் பெயின்ட் அடிப்பதும், ஷெட்டில் மீந்த பெயின்ட் டப்பாக்களைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை.

அன்று காலை பழைய பைப்பை கேஸ் கட்டரால் துண்டு துண்டாக அறுத்து இறக்கினோம். முழுசாக இறக்க வழியில்லை. அதனால் பழசை வைத்துப் புதுசுக்கு அளவு எடுக்கவும் முடியாது. புதுப் பைப் போக வேண்டிய வழியில் டேப்பை ஒரே இழுப்பாக இழுக்கவும் முடியாது. முதலில் ஒரு தடுப்புச் சுவர், அதில் ஒரு துளை. அதைத் தாண்டினால் பைப்பைத் தாங்குகிற இரும்புத் தாங்கி, பிறகு ஒரு தூண், அதற்கப்புறம் கேபிள் போகிற தட்டு. நான் ஏணியில் ஏறி ஒவ்வொரு பகுதியாக அளந்து, உரக்கச் சொன்னேன். வெட்டுகிறவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கையில் விளக்கைக் காட்டினார். பெயின்ட் அம்மா கீழே நின்றிருந்தார். சுவருக்குள் போகிற பகுதிக்கு முன்னாலேயே இரண்டு தடவை பெயின்ட் அடித்துவிட வேண்டும், பிறகு அங்கே பிரஷ் போகாது. அது எந்த இடத்தில் வரும் என்று தெரிய, வெல்டிங் ராடு வருகிற அட்டைப் பெட்டியின் மூடியில் நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்.

ஏழு அளவுகள். சுவர் வரை பதினாலே முக்கால் இஞ்ச். சுவரின் கனம் ஒன்பது இஞ்ச் ஐந்து நூல். தாங்கி வரை இருபத்திரண்டரை. தூண் வரை பதினேழே கால். தூண் பதினொரு இஞ்ச் மூன்று நூல். அங்கிருந்து கேபிள் தட்டு வரை எட்டரை. கடைசியாக ஐந்து இஞ்ச் ஒரு நூல்.

கீழே இறங்கியதும் வழக்கம்போல வரிசையாகக் கூட்ட ஆரம்பித்தேன். பதினாலும் ஒன்பதும் இருபத்து மூன்று. ஆறு நூலும் ஐந்து நூலும் பதினொரு நூல். பதினொரு நூல் என்றால் ஒரு இஞ்ச் போக மூன்று நூல். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வேறொரு கான்ட்ராக்டர். தன்னிடம் ஒரு சிக்கலான வேலை வந்திருக்கிறது, நான் வந்து ஒரு பார்வை பார்த்தால் நன்றாக இருக்கும் என்றார். யாராவது இப்படிக் கேட்டால் எனக்கு நேரம் போவது தெரியாது. நான் எந்தெந்தக் கம்பெனியில் என்னென்ன செய்தேன் என்று அவருக்கு ஒரு இரண்டு நிமிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டு, "எங்க வுட்டேன், இருவத்திமூணு, மூணு நூலு" என்று சொல்லிக்கொண்டு அடுத்த அளவுக்குப் போனேன். மேற்கொண்டு எல்லாம் சரியாகத்தான் கூட்டினேன். எண்பத்தெட்டு இஞ்ச் ஒரு நூல் என்று வந்தது. அதை வெட்டுகிறவரிடம் சொன்னேன். அவர் ஒரு தடவை திருப்பிக் கேட்டார். "ஒரு தபா சொன்னா போதாதா" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அது சாதாரணப் பைப் இல்லை. கனமான, நீராவிக்கென்றே வருகிற பைப். கம்பெனி ஸ்டோரில் அது ஏழரை அடித் துண்டு ஒன்றுதான் மீதி இருந்தது. அதாவது தொண்ணூறு இஞ்ச். இன்னொன்று வேண்டுமென்றால் சென்னையிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கம்பெனி இஞ்சினீயர் அந்தத் துண்டை எங்களிடம் கொடுக்கும்போதே, "பாத்துப் பண்ணுங்க, வேற இல்ல" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவர் சின்ன வயதுக்காரர், அமைதியானவர். நான் சிரித்தேன். என்னிடம் வந்து பாத்துப் பண்ணச் சொல்கிறாரே என்று.

பதினொன்றரை மணிக்குப் பைப்பைத் தூக்கி வைத்தோம். சுவர்த் துளையில் நுழைந்து, தாங்கியில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் போய் நின்றது. நின்ற இடத்துக்கும் சேர வேண்டிய இடத்துக்கும் நடுவே என் கட்டை விரலின் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

நான் டேப்பை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு இஞ்ச். பைப்பை அளந்தேன், எண்பத்தெட்டு இஞ்ச் ஒரு நூல். ஆக, இருந்திருக்க வேண்டியது எண்பத்தொன்பது இஞ்ச் ஒரு நூல்.

அந்த இடத்தில் என் மனது எப்படி வேலை செய்தது என்பதை நான் பிற்பாடு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் பொய் சொல்ல நினைக்கவே இல்லை. இருக்க வேண்டியது எண்பத்தொன்பது. என் கணக்கு தப்பாது. ஆகவே நான் எண்பத்தொன்பது என்றுதான் சொல்லியிருப்பேன். இவ்வளவுதான் என் மூளையில் ஓடியது. ஒரு நொடியில் அது எனக்கு ஞாபகமாகவே ஆகிவிட்டது. எண்பத்தொன்பது என்று நானே சொன்னது என் காதில் கேட்டது.

"எம்பத்தொம்போதுன்னு சொன்னா எம்பத்தெட்டு வெட்டி வச்சிக்கிற" என்றேன் வெட்டுகிறவரைப் பார்த்து.

அவர் மெதுவாகச் சொன்னார். "நீங்க எம்பத்தெட்டுன்னுதான் சொன்னீங்க மேஸ்திரி. நான் திருப்பிக் கேட்டேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர், என் ஆட்கள் ஐந்தாறு பேர், இஞ்சினீயர் எல்லோரும் நிற்கிறார்கள். யாருக்கு எதிரில் நான் பெரிய ஆளாக நிற்க வேண்டுமோ அத்தனை பேரும் இருந்தார்கள். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வயசாகிவிட்டது, காது கேட்கவில்லை, கவனம் எங்கேயோ இருக்கிறது என்று என்னென்னவோ சொன்னேன். கடைசியில், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து, அறுப்பு மெஷின் மேல் வைத்தார். இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து அதையும் பக்கத்தில் வைத்தார். அது என்னுடைய டேப். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். எங்கள் தொழிலில் அளவு தப்பாக வெட்டியதற்காக அனுப்பப்பட்டவர் என்ற பேர் ஒருவருக்கு வந்துவிட்டால், அந்தத் தொழிற்பேட்டையில் எந்த மேஸ்திரியும் அவர் கையில் மெஷினைக் கொடுக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இஞ்சினீயர் என்னிடம், ஒரு இஞ்ச் வளையம் வெட்டி நடுவில் வைத்து வெல்டிங் பண்ணலாமா என்று கேட்டுவிட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டார். நீராவி ஓடுகிற லைனில் ஒரு இஞ்ச் தூரத்துக்குள் இரண்டு ஜாயின்ட் வைத்தால் ஆய்வுக்கு வருகிறவர் ஒப்புக்கொள்ள மாட்டார். சென்னைக்குப் போன் பண்ணப் போகிறேன் என்று அவர் அலுவலகத்துக்குள் போனார்.

நான் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்தேன். பெயின்ட் அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கையில் பிரஷைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"மேஸ்திரி," என்றார். "அவரு மேல தப்பு இல்ல. நீங்க எம்பத்தெட்டுன்னுதான் சொன்னீங்க. நான் கேட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். இதற்கு முன்னால் நடந்தது ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னால், ஷெட்டில் எத்தனை டப்பா பெயின்ட் வாங்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது இந்த அம்மா குறுக்கே வந்து, அவ்வளவு வேண்டாம், மீந்ததே போதும் என்றார். நான் எல்லோர் எதிரிலும், "பிரஷ் புடிக்கிற கைக்குக் கணக்கு எதுக்கு" என்று கேட்டேன். ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதோடு அது முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

"எம்பத்தெட்டுன்னு நான் சொன்னது உனக்கு எப்படி அவ்ளோ நிச்சயமாத் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் அந்த அட்டை மூடியை நீட்டினார். ஏழு அளவுகளும் சிவப்புப் பெயின்டால் எழுதியிருந்தது. பிரஷ் முனையால் எழுதியதால் எழுத்துகள் தடிமனாக இருந்தன.

"நீங்க போன்ல பேசிக்கினு இருந்தப்போ நானும் சும்மா கூட்டிப் பாத்தேன்" என்றார். "எனக்கு உங்கள மாதிரி வரிசையா வராது. நான் சோடி சேத்துடுவேன். பதினாலே முக்காலும் பதினேழே காலும் சேந்தா முப்பத்திரண்டு, துண்டே இல்ல. ஒம்போது அஞ்சு நூலும் பதினொண்ணு மூணு நூலும் இருவத்தொண்ணு. இருவத்திரண்டரையும் எட்டரையும் முப்பத்தொண்ணு. மூணையும் கூட்டினா எம்பத்திநாலு. கடைசில அஞ்சு இஞ்ச் ஒரு நூலு தனியா நிக்குது. எம்பத்தொம்போது, ஒரு நூலு. அதான் நீங்க எம்பத்தெட்டுன்னது நல்லா ஞாபகம் இருக்கு."

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வரிசையை மாற்றிக் கூட்டினால் வேறு விடை வராதா என்று ஒரு கணம் எனக்குச் சந்தேகம் வந்ததை மறைக்க மாட்டேன். நாற்பது வருடமாக, அளந்த வரிசையிலேயே கூட்டிப் பழகியவன் நான். முதலில் அளந்தது முதலில், கடைசியில் அளந்தது கடைசியில். அப்படி இல்லாமல் நடுவில் இருப்பதை எடுத்து முன்னால் வைத்துக் கூட்டலாம் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. ஆனால் யோசித்தால் அதில் என்ன இருக்கிறது. ஏழு துண்டுப் பைப்பை எந்த வரிசையில் வைத்து ஒட்டினாலும் மொத்த நீளம் அதேதானே. இது தெரியாமலா நான் இத்தனை வருடம் பைப் வேலை செய்தேன்?

இந்த வித்தை எங்கே படித்தது என்று கேட்டேன். படிப்பெல்லாம் இல்லை என்றார். ஷெட்டில் மீந்த டப்பாக்களை அவர் அப்படித்தான் ஒழுங்கு பண்ணுவாராம். முக்கால் டப்பா இருந்தால் அதற்குக் கால் டப்பாவைத் தேடிப் பிடித்து ஊற்றி ஒரு டப்பா ஆக்கிவிடுவார். அரைக்கு அரை. முழு டப்பா எல்லாம் ஒரு பக்கம் போய்விட்டால் மீந்தது எவ்வளவு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

நான் அட்டையை வாங்கி என் வழியில் வரிசையாகக் கூட்டினேன். எண்பத்தொன்பது, ஒரு நூல். இன்னொரு தடவை கூட்டினேன். அதேதான். மூன்றாவது தடவை முதல் இரண்டு அளவுக்கு வந்தபோது, பதினொரு நூல் என்று சொல்லும் இடத்தில், எனக்குப் போன் மணி ஞாபகம் வந்தது. எட்டு நூலை ஒரு இஞ்சாக எடுத்தேன். அந்த இஞ்சை இருபத்து மூன்றோடு சேர்க்கவில்லை. மூன்று நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு இஞ்சை போன் பேச்சில் விட்டுவிட்டேன்.

"வெட்டறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவர் பிரஷை டப்பா மேல் வைத்தார்.

"சொன்னா நீங்க இன்னா சொல்வீங்கன்னு தெரியும் மேஸ்திரி. ஒருவேள நான்தான் தப்போன்னும் நெனச்சேன். ஆனா சொல்லாதது என் தப்புதான். அந்த அண்ணன் போறதப் பாத்ததுக்கு அப்புறம் என்னால நிக்க முடியல."

பிறகு அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பெயின்ட் காய்ந்துவிடும், மூடி வைத்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். இரும்புத் தூளும் புகையும் நிறைந்த அந்த இடத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு ஐந்து நிமிடம் எனக்கு வேறு யோசனையும் வந்தது. வெட்டுகிறவரையும் இந்த அம்மாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இஞ்சினீயர் என்மேல் சந்தேகப்படவில்லை. வெட்டுகிறவருக்கு வேறு ஏதாவது ஏற்பாடு செய்துவிடலாம், ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இப்படியெல்லாம் ஓடியது. பிறகு அந்த மடித்து வைத்த கையுறைகள் கண்ணில் பட்டன. பத்தொன்பது வருடத்தில் அவர் அப்படி மடித்து வைத்து நான் பார்த்ததில்லை. தினமும் மெஷின் மேல் எறிந்துவிட்டுத்தான் போவார், மறுநாள் வருவோம் என்று.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அவர் இருந்தார். லாரிகள் ஆந்திரா பக்கம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் ஒரு டீ சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தப்பு என்னுதுப்பா" என்றேன். "போன்ல பேசிக்கினே ஒரு இஞ்ச வுட்டுட்டேன். எம்பத்தெட்டுன்னு நான்தான் சொன்னேன்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"அங்க பத்துப் பேர் எதிருக்க என்ன நிக்க வச்சிக் கேட்டீங்க," என்றார். "இங்க வந்து ரெண்டு பேரும் டீ குடிச்சிக்கினு சொன்னா சரியாப் பூடுமா?"

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு அளவைச் சொல்கிற மாதிரி சொன்னார். டீக்கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல்ல எனக்கு ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் ஆனது. நான் சிகரெட் பிடிப்பதில்லை, ஆனால் அவ்வளவு நேரம் ஆனது. பிறகு இருவரும் என் வண்டியில் திரும்பிப் போனோம்.

கம்பெனிக்குள் ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். இஞ்சினீயரைக் கூப்பிட்டேன். அத்தனை பேரும் இருக்கும்போது சொன்னேன். இந்தப் பைப் ஒரு இஞ்ச் குறைந்தது இவர் வெட்டியதால் இல்லை, நான் கூட்டியதால். நான் சொன்ன அளவைத்தான் இவர் வெட்டினார். இவரைப் போகச் சொன்னதும் தப்பு. அதை இந்த அம்மா கண்டுபிடித்தார், வெட்டுவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்தார், என்மேல் இருந்த பயத்தில் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. வாழ்க்கையில் நான் பேசிய பேச்சுகளில் அதுதான் சின்னது. அதுதான் கஷ்டமானதும்.

என் ஆட்களில் ஒரு வெல்டர், எதற்கும் கிண்டல் பேசுகிறவர், பின்னாலிருந்து, "அப்ப இனிமே மேஸ்திரி பிரஷ் புடிக்கட்டும், அக்கா அளவு சொல்லட்டும்" என்றார். சிரிப்பு எழுந்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வெல்டரைப் பார்த்து, "சும்மா இருங்க" என்றார். வெட்டுகிறவர் போய்க் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் மாட்டிக்கொண்டார்.

எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நடக்கவும் இல்லை. அன்று நாலு மணிக்கு நீராவி விட முடியவில்லை. மறுநாள் காலையில்தான் சென்னையிலிருந்து பைப் வந்தது. இஞ்சினீயர் என்னைத் திட்டவில்லை. ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்றுகூடச் சொன்னார். ஆனால் அடுத்த தடவை அந்தக் கம்பெனியில் வேலை வந்தபோது எங்களைக் கூப்பிடவில்லை, வேறு ஒருவரைக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் அந்தப் புதுப் பைப்பை வெட்டுவதற்கு முன்னால் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் மறுபடியும் ஏணியில் ஏறி ஏழு அளவும் எடுத்தேன். இறங்கி வந்து கூட்டிச் சொன்னேன். எண்பத்தொன்பது, ஒரு நூல். வெட்டுகிறவர் மெஷினைப் போடவில்லை. மெஷின் மேல் கை வைத்தபடி அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா அட்டையைப் பார்த்து உதடு அசையக் கூட்டினார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். என் அளவுக்கு இன்னொருவர் தலையாட்டக் காத்துக்கொண்டு நிற்பது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அவர் தலையாட்டினார். மெஷின் ஓடியது. பைப் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு நூல் வெளிச்சம்கூட இல்லை.

இப்போது எங்கள் ஷெட்டில் அதுவே பழக்கமாகிவிட்டது. நான் வரிசையாகக் கூட்டுகிறேன், அந்த அம்மா சோடி சேர்த்துக் கூட்டுகிறார், இரண்டும் ஒன்றாக வந்தால்தான் வெட்டுகிறவர் மெஷினில் கை வைப்பார். பத்துக்கு ஒன்பது தடவை என் கணக்குதான் முதலில் முடியும். அதை எழுதாமல் என்னால் இருக்க முடியாது. பத்தாவது தடவை அந்த அம்மா, "இன்னொரு தபா பாருங்க மேஸ்திரி" என்பார். பார்ப்பேன்.

ஆனாலும் வெட்டுகிறவர் அன்றிலிருந்து என்னிடம் ஒரு அளவை இரண்டு தடவை திருப்பிக் கேட்கிறார். முன்பு ஒரு தடவைதான் கேட்பார். இரண்டாவது தடவை கேட்கும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். அவர் மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

நான் சம்பாதித்தது என்ன என்று யாராவது கேட்டால் ஷெட்டைக் காட்டுவேன், பெண்களின் படிப்பைக் காட்டுவேன், கூச்சமே படமாட்டேன். ஆனால் என் கணக்கு தப்பு என்று என் முகத்துக்கு நேரே சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்களே, அது மட்டும் நான் சம்பாதித்தது இல்லை, நான் ஒருவரை வாசல் வரைக்கும் துரத்திவிட்ட பிறகும் அவர்களாக எனக்குக் கொடுத்தது.